திருவாதிரையும் ஆயாவோட தூக்கும்

மார்கழி வந்தா நீங்கள்லாம் சென்னை சபா கச்சேரி, கேண்டீன் அடைன்னு எழுத ஆரம்பிச்சுடுவீங்க. நமக்கும் சங்கீதத்துக்கும் ரொம்ப தூரம்ங்க. எனக்கு மார்கழின்னா கடலூர், சிதம்பரம், நடுவுல ஒரு பாசஞ்சர் ரயில், மடியில சூடா ஒரு களித் தூக்கு. அவ்ளோதான். கொசுவத்தி கொஞ்சம் நீளமாத்தான் சுத்தும், பொறுத்துக்குங்க :-)

எங்க வீடு திருப்பாதிரிப்புலியூர்ல. கடலூர்க்காரங்க பாஷையில என்.டி. துறைமுகம் பக்கம் இருக்கிற முதுநகர் ஓ.டி. அரைப் பரீட்சை லீவு விட்டதும் எங்களுக்கு இருந்த ஒரே கவலை, திருவாதிரை லீவுக்குள்ள வருதா இல்லையாங்கறதுதான். நட்சத்திரக் கணக்கு பாருங்க, ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வந்துடும், இன்னொரு வருஷம் பள்ளிக்கூடம் திறந்தப்புறம் வந்து வயித்தெரிச்சலைக் கொட்டிக்கும்.

காலைல அஞ்சு மணிக்கெல்லாம் அக்கா கோலம் போடுவா. சாணி உருண்டை பிடிச்சு அதுல பூசணிப்பூ செருகறது என் டிபார்ட்மென்ட். பூ வாடினதும் அந்த உருண்டையை வரட்டியாத் தட்டிச் சேர்த்து வைக்கணும். அப்புறம் பாடலீஸ்வரர் கோயில் பொங்கல். திருவெம்பாவை பாடி முடிக்கிற வரைக்கும் கண்ணு மடப்பள்ளி மேலயே இருக்கும். மாணிக்கவாசகர் மன்னிப்பாராக.

இப்போ களிக்கு வருவோம். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, அரிசியை ரவையா உடைச்சு வைக்கறது முந்தின நாள் வேலை. மறுநாள் வெல்லப்பாகு கொதிக்கும்போது அதுல போட்டு, தேங்காய், ஏலக்காய், நெய்யெல்லாம் சேர்த்து, பெரிய வெண்கலப் பானையில ஆயா கிளறுவாங்க. தொட்டுக்க ஏழுகறிக் குழம்பு. பரங்கி, பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி. இனிப்புக் களிக்குப் புளிக்குழம்பான்னு கேக்கறவங்க இன்னும் சாப்பிட்டதில்லைன்னு அர்த்தம்!

கிளறும்போதே சேந்தனார் கதை ஓடும். விறகு வித்துப் பொழைச்சவர். மழையில விறகு நனைஞ்சு விக்காமப் போக, இருந்ததை வெச்சுக் களி கிண்டி, அடியாரா வந்த சாமிக்குப் போட்டார். மறுநாள் பார்த்தா நடராஜர் சன்னதி முழுக்கக் களி சிதறிக் கிடந்துதாம். சேத்துல அழுந்தின தேர் அவர் பல்லாண்டு பாடினதும் நகர்ந்துதாம். வருஷா வருஷம் அதே கதை, அதே இடத்துல ஆயா கண்ணைத் தொடைச்சுக்குவாங்க.

அத்தையைக் கட்டிக் கொடுத்தது சிதம்பரத்துல. பொறந்த வீட்டுக் களி அத்தைக்குப் போய்ச் சேராம ஆயா வாயில ஒரு பருக்கை வைக்க மாட்டாங்க. அப்போ மீட்டர் கேஜ் ரயில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளைன்னு ஒவ்வொரு ஊரா நின்னு போகும். தேரன்னிக்கு அப்பா கூடப் போய்ப் பார்த்துட்டு ராத்திரியே வீடு திரும்பி, மறுநாள் காலைல தூக்கோட திரும்பவும் ரயில் ஏறின வருஷம்லாம் உண்டு.

மத்த கோயில் மாதிரி இல்லாம, சிதம்பரத்துல மூலவரே தேருக்கு வந்துடுவார். ஆனியில ஒரு தடவை, மார்கழியில ஒரு தடவை. அஞ்சு தேரு. ராத்திரி ஆயிரங்கால் மண்டபத்துல தங்கல், விடியறதுக்கு முன்னாடி மகாபிஷேகம், அப்புறம் தரிசனம். ஆனா எனக்கு மனசுல நிக்கறது வேற. தேர் சுத்தி வரும்போது மீனவ ஜனங்க சீர்வரிசை கொண்டு வருவாங்க. அம்பாள் மீனவர் குலத்துல பொறந்தவங்கறது கதை. அதனால அது பொறந்த வீட்டுச் சீர். "பாத்தியாடா, சாமிக்கே பொறந்த வூட்லேருந்து வருது, எம்பொண்ணுக்கு வராதா?"ன்னு கேப்பாங்க ஆயா.

2004 டிசம்பர் 26. ஞாயித்துக்கெழமை, பௌர்ணமி. நான் வேலையில சேர்ந்து, லீவுக்கு வந்திருந்தேன். களிக்கு அரிசி வறுத்து உடைச்சுத் தயாரா இருந்துது. காலைல தேவனாம்பட்டினம் பக்கத்துலேருந்து ஜனங்க ஈரத் துணியோட ஓடி வர ஆரம்பிச்சாங்க. கடல் ஊருக்குள்ள வந்துடுச்சுன்னாங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியலை. சுனாமிங்கற வார்த்தையே அன்னிக்கு மத்தியானம்தான் காதுல விழுந்துது. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க.

ஆயா எதுவும் பேசலை. களிக்கு வெச்சிருந்த அரிசியையும் பருப்பையும் அப்படியே பானையில போட்டு, வெல்லத்துக்குப் பதிலா உப்பு போட்டுக் கஞ்சி காய்ச்சினாங்க. பக்கத்துக் கல்யாண மண்டபத்துல தங்கியிருந்தவங்களுக்கு நானும் அண்ணனும் பானையைத் தூக்கிட்டுப் போய் ஊத்தினோம். அந்த வருஷம் சிதம்பரத்துக்குத் தூக்கு போகலை. அத்தையும் கேக்கலை.

எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்ற அம்மா தேவனாம்பட்டினம். ஒரு மாசம் கழிச்சுத்தான் வந்தாங்க, கூடை இல்லாம. பேரன் போயிட்டான். அண்ணன் குடும்பம் மொத்தமும் போயிடுச்சு. திண்ணையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. ஆயா பக்கத்துல உக்காந்து அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க.

அடுத்த மார்கழியில ரெண்டு தூக்கு ரெடியாச்சு. ஒண்ணு வழக்கம்போல சிதம்பரம். இன்னொண்ணு யாருக்குன்னு அம்மா கேட்டதுக்கு, "அவளுக்குப் பொறந்த வூட்ல யாரு இருக்கா? நாமதான் குடுக்கணும்"னாங்க ஆயா. அந்தத் தூக்குதான் முதல்ல கிளம்புச்சு.

அப்புறம் எவ்வளவோ ஆயிடுச்சு. அகல ரயில் பாதை வேலைக்காக ரயில் நின்னு, 2010-லதான் திரும்ப ஓடுச்சு. அதுவரைக்கும் களி பஸ்ஸுல போச்சு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க கொல்லையில நின்ன முருங்கையும் பலாவும் விழுந்துது. டிசம்பர்னா கடலூர்க்காரனுக்கு ஒரு கண்ணு கோலத்து மேல இருந்தா, இன்னொரு கண்ணு கடல் மேலதான். ஆயாவும் போயிட்டாங்க. வெண்கலப் பானை பரண்ல இருக்கு, அம்மா குக்கர்லதான் வெக்கறாங்க. சத்தியமா அந்த ருசி வரலை. அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல சொல்றேன் :-)

ஆனா தூக்கு இன்னும் ரெண்டு போகுது. மீன்கார அம்மாவுக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியாது, வாசனையை வெச்சே "களியா?"ன்னு கேப்பாங்க. போன தடவை அதைக் கொண்டு போனது என் பொண்ணு. "இவங்க நமக்கு என்ன வேணும்ப்பா?"ன்னா. "அத்தைப் பாட்டி"ன்னேன். சிதம்பரத்துலயும் அத்தைப் பாட்டிதானேன்னு குழம்பிட்டா. ரெண்டு பேர் இருக்கக் கூடாதா என்ன?

சரி, உங்க வீட்டுல குழம்புக்கு ஏழு காயா, ஒன்பது காயா? சொல்லிட்டுப் போங்க மக்கா.