உன் வார்த்தையில் சொல்

என் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் மூத்த மகள் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் கல்வியைத் தொடங்கியவள். அவள் கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தபோது பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. குறிப்பெடுக்க எளிதாயிருக்கும் என்று எண்ணி, சீட்டுப் பணத்தை எடுத்து, பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

ஆசிரியர் பேசப்பேச ஒரு சொல்லும் தவறாமல் தட்டச்சு செய்தாள். பக்கம் பக்கமாய்ச் சேர்ந்த குறிப்புகளைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் முதல் பருவத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டாள். கோபத்தில் கணினியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, "இனிமேல் பேனாவால் எழுது" என்றேன்.

"ஒன்றையும் விடாமல் எழுதினேனே, அப்பா!" என்று அழுதாள்.

அந்த வார்த்தை இரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் கணினியைத் திறந்து அவளருகே அமர்ந்தேன். பொருளாதாரப் பாடத்தில் 'தேவை நெகிழ்ச்சி' என்ற பகுதி இருந்தது. அவள் ஆங்கிலத்தில் தடையின்றி வாசித்தாள். "இதை உன் வார்த்தையில் சொல், அம்மா" என்றேன். அவளால் சொல்ல முடியவில்லை. பாடம் செவியில் நுழைந்து விரல் வழியே வெளியேறியிருந்தது. இடையில் மனதில் தங்கவில்லை.

பின்னர் இதைக்குறித்து வாசித்தேன். 2014-ல் அமெரிக்காவில் பாம் மியூலர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்னும் இருவர் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் அதிகச் சொற்களை எழுதினார்கள்; கேட்டதை அப்படியே எழுதினார்கள். கருத்தை விளங்கிச் சொல்லவேண்டிய கேள்விகளிலோ, கையால் எழுதியவர்களே மேலாக விடையளித்தார்கள். கை மெதுவாய் எழுதுவதால், எது முக்கியம் என்று மனம் தெரிந்தெடுக்க வேண்டியதாகிறது. ஆகிலும் 2021-ல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, கணினியில் எழுதியவர்கள் முன்போலவே சொல்லுக்குச் சொல் எழுதினார்கள். ஆனால் மதிப்பெண்ணில் அத்தகைய வேற்றுமை காணப்படவில்லை.

ஆகவே, குற்றம் கருவியில் மாத்திரம் இல்லை என்று உணர்ந்தேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டு, கணினியைத் திரும்பக் கொடுத்தேன். அதுமுதல் வகுப்பில் முக்கியமானவற்றை மட்டும், தமிழோ ஆங்கிலமோ வாய்த்த சொல்லில், நோட்டில் குறித்துக்கொள்வாள். அன்றிரவே அவற்றைத் தன் சொந்த வாக்கியங்களில், ஓர் உதாரணத்தோடு கணினியில் ஒழுங்காக எழுதுவாள். தேடவும் திருத்தவும், வகுப்புக்கு வராத தோழிக்கு அனுப்பவும் அது உதவியது.

ஒருநாள், "உப்பு விலை ஏறினாலும் நாம் வாங்கும் அளவு அதிகம் குறையாது; ஆப்பிள் விலை ஏறினால் வாங்காமல் திரும்பிவிடுகிறோம். இதுதான் நெகிழ்ச்சி" என்று எனக்கு விளக்கினாள். சமையலறையிலிருந்த அவள் தாய், "இது எனக்கே விளங்குகிறதே!" என்றாள். மறுதேர்வில் இரண்டு பாடங்களிலும் தேறினாள்.

பெற்றோரே, பிள்ளைகளின் குறிப்புகள் எத்தனை பக்கம் என்று எண்ணாதிருங்கள். அருகே அமர்ந்து, "உன் வார்த்தையில் சொல்" என்று கேளுங்கள். ஞாயிறுதோறும் சபையில் குறிப்பெடுக்கும் நாமும், வீட்டுக்கு வந்தபின் அதே கேள்வியை நம்மிடமே கேட்டுப்பார்ப்போமாக.