பழுது எங்கே?

துணி துவைத்தல் எளிய தொழில் அன்று. ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் துணியைக் கல்லில் அடித்து, கசக்கி, அலசி, பிழிந்து உலர்த்திய பெண்களின் உழைப்பை எவரும் கணக்கில் எழுதி வைத்ததில்லை. அவ்வுழைப்பைக் குறைக்கும் வழியை அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். 1760களில், இன்றைய ஜெர்மனியைச் சேர்ந்த ரேகன்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஷேஃபர் என்பவர் சலவைப் பொறி ஒன்றைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டார். 1937ஆம் ஆண்டில், தானே துவைத்து, அலசி, பிழியும் மின் இயந்திரம் அமெரிக்காவில் வீடுகளுக்கென்று அறிமுகமாயிற்று. இன்றோ, ‘வாஷிங் மெஷின்’ என்று வழங்கும் சலவை இயந்திரம் தமிழ்நாட்டில் எளிய குடும்பங்கள் பலவற்றிலும் இடம்பெற்று விட்டது.

திருப்பூரில் அத்தகைய குடும்பம் ஒன்று உண்டு. தந்தை லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். தாய் பனியன் கம்பெனியில் தைப்பவள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளும், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகனும், தந்தையைப் பெற்ற பாட்டியும் அவ்வீட்டில் வாழ்ந்தனர். பாட்டி நாற்பது ஆண்டுகள் அக்குடும்பத்தின் துணிகளைத் தம் கையாலேயே துவைத்தவர். முதுமையில் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. ஈரத் துணியைப் பிழியும்போதெல்லாம் வலியால் முகம் சுளிப்பார். ஆயினும், வாய் திறந்து ஒன்றும் கூறமாட்டார். அதனைக் கண்ட மருமகள், இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், மேற்புறம் மூடி உள்ள சலவை இயந்திரம் ஒன்றை வாங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவ்வியந்திரம் பாதி வேலையில் நின்றுவிட்டது. தொட்டி நிறைய அழுக்கு நீர். அதனுள் வாரத்துணிகள் அனைத்தும் ஊறிக்கொண்டிருந்தன. இயந்திரம் சிறிது முனகும். பின்பு, ‘கீ, கீ’ என்று கூவி அடங்கிவிடும். மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தபோது, புதன்கிழமைக்கு முன் வர இயலாது என்று கூறிவிட்டார். பெரிய செலவு வந்துவிடுமோ என்று தாய் கலங்கினாள். பாட்டியோ ஒன்றும் பேசாமல், வாளியை எடுத்துக்கொண்டு பழைய துவைகல்லை நோக்கி நடந்தார். வீங்கிய அவ்விரல்கள் வாளியின் பிடியைப் பற்ற முடியாமல் நடுங்குவதை மகள் பார்த்தாள்.

“பாட்டி, சற்றுப் பொறுங்கள். இது ஏன் நின்றது என்று முதலில் பார்ப்போம்” என்றாள் அவள்.

அதற்குள் சிறுவன் ஓடிச்சென்று, ஈரக் கையோடு தொட்டிக்குள் துழாவத் தொடங்கினான். பாட்டி உரத்த குரலில், “கையை எடுடா! தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் விளையாட்டா?” என்று அதட்டினார். மகள் தன் கைகளை நன்றாகத் துடைத்தாள், ஸ்விட்சை நிறுத்தினாள், பிளக்கையும் பிடுங்கினாள், நீர்க்குழாயை மூடினாள். அதன் பின்னரே ஆராயத் தொடங்கினாள்.

மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்து கொடுப்பதில்லை. எங்கே வலி, எப்பொழுது தொடங்கியது என்று கேட்கிறார். மகளும் அவ்வாறே எண்ணினாள். இயந்திரத்தில் விளக்கு எரிந்தது. ஆதலின் மின்சாரம் வருகிறது. முனகல் ஒலி கேட்டது; ஆதலின் நீரை வெளியேற்றும் பம்பு வேலை செய்ய முயல்கிறது. ஆயினும் நீர் வெளியேறவில்லை. அங்ஙனமாயின், நீர் போகும் வழியில் தடை இருத்தல் வேண்டும் அன்றோ?

“அம்மா, நேற்று இந்த இடத்தைக் கழுவினீர்களே, அப்பொழுது இயந்திரத்தை நகர்த்தினீர்களா?” என்று கேட்டாள்.

“ஆம், கழுவிய பிறகு சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தேன்” என்றாள் தாய்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை உள்ளது. நீர் நிறைந்த இயந்திரத்தை இழுத்தல் எளிதன்று. ஆகையால், அவர்கள் முதலில் செம்பால் நீரை மொண்டு ஊற்றினர். பின்பு, இருவரும் சேர்ந்து அதனை முன்னே நகர்த்தினர். மகள் எண்ணியது பொய்க்கவில்லை. கழிவுநீர்க் குழாய் சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையே நசுங்கி மடிந்து கிடந்தது. அதனை நேராக்கி, நசுங்காதவாறு இடம் விட்டு வைத்தனர். மீண்டும் ஓட்டியபோது எஞ்சிய நீர் ‘சளசள’ என்று வெளியேறியது.

மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. துணியைப் பிழிவதற்காகத் தொட்டி வேகமாகச் சுழன்றபோது, இயந்திரம் ‘தடதட’ என்று அதிர்ந்து, தானே நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தனர். கனத்த போர்வை ஒன்று நீரைக் குடித்து, ஒரு பக்கத்தில் மூட்டையாகச் சுருண்டு கிடந்தது. மறு பக்கத்தில் இரண்டு சட்டைகள் மட்டுமே இருந்தன.

பாட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “இரண்டு கையிலும் குடம் தூக்குகிறவள் நேராக நடப்பாள், ஒரு கையில் மட்டும் தூக்குகிறவள் சாய்ந்துதான் நடப்பாள். துணியைப் பிரித்துச் சுற்றிலும் பரப்பிப் போடு, அம்மா” என்றார். ஒரு நிமிடத்தில் பல நூறு முறை சுழலும் தொட்டியில், ஒரு பக்கத்துச் சுமை எத்துணை வலிமையோடு இழுக்கும் என்பதைப் பாட்டி எந்த நூலிலும் படித்ததில்லை; ஆயினும், அதன் உண்மையைத் தம் இடுப்பாலும் தோளாலும் அறிந்திருந்தார். நகர்த்தியதனால் இயந்திரத்தின் கால் ஒன்று தரையில் படியாமல் இருந்ததையும் கண்டனர். அக்காலைத் திருகி மட்டப்படுத்திய பின், அதிர்வு அடங்கியது.

மறுபடி நீர் நிரம்ப வேண்டிய வேளையில் மூன்றாம் இடையூறு தோன்றியது. குழாய் முழுதும் திறந்திருந்தும் நீர் நூல்போல ஒழுகியது. மகள் மீண்டும் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, நீர் வரும் ரப்பர்க் குழாயைக் கழற்றினாள். அது இயந்திரத்தோடு இணையும் வாயில் சிறு சல்லடை ஒன்று இருந்தது. அதன் கண்களை மணலும் வெள்ளைப் படிவும் அடைத்திருந்தன. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் இவ்வாறு படிவது இயல்பு. பாட்டி எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்துக் கொடுத்தார். அதன் சாற்றில் சல்லடையை ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்ததும், படிவு கரைந்து கண்கள் திறந்தன. உப்பு நீரில் நுரை குறைவாக வருவது கண்டு, கூடுதலாகச் சலவைத்தூள் இடுவது தாயின் வழக்கம். துணிகளில் நாள்தோறும் காணப்பட்ட வெண்திட்டுகளுக்கு அதுவும் ஒரு காரணம் என்று அன்று அவள் உணர்ந்தாள்.

எல்லாம் சீரானதும் சிறுவனுக்கு ஊக்கம் மிகுந்தது. “அக்கா, பின்புறத் தகட்டையும் கழற்றி உள்ளே பார்ப்போமா?” என்றான்.

“வேண்டாம், தம்பி. உள்ளே மின்தேக்கி என்று ஒன்று உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் அதிர்ச்சி தரும். கருகிய வாடை வந்தாலும், உடம்பைத் தொட்டால் சுரீரென்றாலும், உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதுதான் அறிவு” என்றாள் அவள்.

நண்பகலில் துணிகள் அனைத்தும் கொடியில் அசைந்தன. புதன்கிழமை வரவேண்டிய மெக்கானிக்குக்கு, வரவேண்டா என்று தாய் சொல்லி அனுப்பினாள். அன்று மாலை பாட்டி திண்ணையில் அமர்ந்து, உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்தார். மடிக்கும் முன் ஒவ்வொரு சட்டையின் பையிலும் கைவிட்டுப் பார்த்தார். பேரனின் காற்சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயமும் ஓர் ஊக்கும் அகப்பட்டன. “அடுத்த பழுதுக்கு இவனே விதை போட்டு வைத்திருக்கிறான். இனித் துவைப்பதற்கு முன்பே பையைப் பார்க்கும் வேலை என்னுடையது” என்றார். அனைவரும் நகைத்தனர்.

அன்று பழுதென்று எண்ணப்பட்ட மூன்றும் இயந்திரத்தின் குற்றம் அல்ல. மடிந்த குழாயும், ஒருபுறம் சாய்ந்த சுமையும், தூய்மை செய்யாத சல்லடையுமே அவை. பொருளை நொந்து கொள்வதற்கு முன் அதனைக் கையாண்ட முறையை எண்ணிப் பார்த்தமையால், அவ்வீட்டில் வீண் செலவு நீங்கியது. முதிய கைகள் இரண்டும் துவைகல்லுக்குத் திரும்பாமல் ஓய்வு பெற்றன.