பொத்தானுக்கு அஞ்சிய சிறுவன்

பாம்பைக் கண்டு அஞ்சுபவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. சட்டைப் பொத்தானைக் கண்டு ஒருவன் அஞ்சினான் என்றாலோ கேட்பவருக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். கடிக்காது, குத்தாது, விரல்நுனி அளவேயான வட்டம், அதில் இரண்டோ நான்கோ துளைகள். இதில் அஞ்ச என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் லிசெட் சாவெத்ரா, வெண்டி சில்வர்மன் ஆகியோர், இத்தகைய 9 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 2002ஆம் ஆண்டில் எழுதினர். அவனுக்கு 5 வயதானபோது, மழலையர் வகுப்பில் அட்டையில் பொத்தான்களை ஒட்டும் கைவேலை நடந்தது. கையிலிருந்தவை தீர்ந்துவிடவே, ஆசிரியரின் மேசைமீதிருந்த பெரிய கிண்ணத்திலிருந்து எடுக்கச் சென்றான். கை வழுக்கியது, கிண்ணத்துப் பொத்தான்கள் அனைத்தும் அவன்மேல் கொட்டின. நடந்தது அவ்வளவே.

அன்று முதல் அவன் பொத்தான்களை விலக்கத் தொடங்கினான். நாளடைவில் தானே உடை உடுத்துவதும் கடினமாயிற்று. வகுப்பில் அமர்ந்திருக்கையிலும், தன் சீருடையின் பொத்தானில் கை பட்டுவிடக் கூடாதே என்னும் எண்ணமே அவனை ஆட்கொண்டிருந்தது. பாடம் எவ்வாறு மனத்தில் பதியும்? பொத்தான் வைத்த ஆடையைத் தாய் அணிந்திருந்தால் அவரைத் தழுவிக்கொள்வதும் அவனுக்கு அரிதாயிற்று.

மருத்துவத்தின் முதற்படியாக, அவன் அஞ்சும் பொத்தான்களை வரிசைப்படுத்தினர். பெரியதற்கு அஞ்சிச் சிறியதைப் பொருட்படுத்தாமல் விடுவதே உலக வழக்கம். இவன் வரிசையோ தலைகீழாக இருந்தது. முரட்டுக் காற்சட்டையின் பெரிய பொத்தான் அவனை அவ்வளவாக வருத்தவில்லை. ஒளி ஊடுருவும் சின்னஞ்சிறு நெகிழிப் பொத்தானே உச்சியில் நின்றது. எளியதில் தொடங்கிப் படிப்படியாக அவற்றைத் தொடப் பழக்கினர். ஒவ்வொரு படியைக் கடந்தபோதும் தாய் அவனை ஊக்கினார். சிறுவனும் தொட்டான். ஆயினும் அவனுடைய மன வேதனை குறையவில்லை, முன்னிலும் கூடியது!

மேலும் உசாவியபோதுதான் உண்மை புலப்பட்டது. பொத்தான் தன் உடலில் படுவதை அவன் அருவருத்தான். அதிலிருந்து தீய நாற்றம் வீசுவதாகவும் உணர்ந்தான். அச்சத்தையும் இளிவரலையும் தொல்காப்பியர் வெவ்வேறு மெய்ப்பாடுகளாக வைத்தது இங்கு நினைக்கத்தக்கது. தீங்கு செய்யாது என்று தெளிந்தால் அச்சம் தணியலாம். அருவருப்புக்கு அந்தத் தெளிவு மட்டும் போதாது.

எனவே மருத்துவத்தின் போக்கு மாறியது. நூற்றுக்கணக்கான பொத்தான்கள் தன்மேல் விழுவதாகக் கற்பனை செய்யுமாறு அவனிடம் கூறினர். அவை எப்படித் தோன்றுகின்றன, தொட்டால் எப்படி இருக்கின்றன, என்ன மணம் வீசுகின்றன என்று ஒவ்வொன்றாக அவனையே சொல்ல வைத்தனர். சட்டை முழுவதும் பொத்தான்கள் நிறைந்த தாயைத் தழுவுவதாகவும் எண்ணிப் பார்க்கச் செய்தனர். அருவருப்பூட்டிய எண்ணங்களையும் அவனுடன் பேசிப் பேசி ஆராய்ந்தனர். வேதனை மெல்ல இறங்கியது.

ஆறு திங்கள் கழித்தும், ஓராண்டு கழித்தும் அவனை மீண்டும் ஆய்ந்தனர். ஒளி ஊடுருவும் சிறு நெகிழிப் பொத்தான்கள் தைத்த பள்ளிச் சட்டையை அவன் நாள்தோறும் அணிந்து வந்தான்.