எழுபது வளைவு ஏறினால் புற்றுக்காளான்!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கினாலும், தலை மட்டும் கொஞ்ச நேரம் வளைந்துகொண்டேதான் இருக்கும். ராத்திரி இடியோடு மழை பெய்திருந்தால் அதற்குப் பரிசு உண்டு... புற்றுக்காளான்!

"பறிச்சுக்குங்க தம்பி, ஆனா புத்தை மட்டும் வெட்டிடாதீங்க. அப்புறம் அடுத்த வருசம் வராது" என்றார், கூடையோடு வந்த பெரியவர். நூற்றுக்கு நூறு உண்மை!

மேலே குடை விரிப்பது காளான். கீழே அதற்கு விவசாயம் பார்ப்பது கறையான். சருகையும் மரத்தையும் தின்று, அந்த எச்சத்தில் பாத்தி கட்டிப் பூஞ்சை வளர்க்கிறது. பூஞ்சை அதை மக்க வைத்துக் கொடுக்க, கறையானுக்குச் சாப்பாடு ரெடி! இந்தக் கூட்டணிக்கு வயசு சுமார் 3 கோடி வருஷம். (நம்மூர்க் கூட்டணிகள் மன்னிக்க!) கறையானைக் கழற்றிவிட்டு இதைப் பண்ணையில் விளைவிக்க மனுஷனால் இன்னும் முடியவில்லை.

பெரியவர் ஒன்றைப் பக்குவமாகத் தோண்டிக் காட்டினார். தண்டு, வேர் மாதிரி நீண்டு புற்றுக்குள் போயிருந்தது. புல்வெளியில் இதன் டூப்ளிகேட் ஒன்று உண்டு. அதே வெள்ளைக் குடை. முற்றினால் குடையின் அடிமடிப்பு பச்சையாகும். தின்றால் வாந்தி, பேதி! வெள்ளிக் கரண்டி, மஞ்சள்தூள் சோதனைகளெல்லாம் சும்மா. விஷக்காளான் அதற்கெல்லாம் மசியாது.

ஆகவே நண்பர்களே, பழகிய கை பறித்துத் தந்தால் குழம்பு வையுங்கள். இல்லையா... கண்ணால் ரசித்துவிட்டு பஸ் ஏறுங்கள்!