நாடி பார்த்து வண்டி ஓட்டு!

திருவண்ணாமலைக்கு வந்தா மலையை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பிடாதீங்க பாஸ்... செங்கம் ரோட்டுல 'டப் டப்'னு போற பழைய புல்லட்டையும் பாருங்க! 1955-ல் மெட்ராஸ்ல ஆரம்பிச்ச வம்சம். ஹெட்லைட் மேல குட்டியா ஒரு ஆம்மீட்டர் இருக்கும். வண்டியோட நாடியே அதான்!

லைட் போட்டு ஐடிலிங்ல நின்னா முள் மைனஸ் பக்கம் சாயும். அது சகஜம். ஆக்ஸிலரேட்டரை முறுக்கியும் மைனஸ்லயே படுத்துக்கிட்டா, சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். பாயின்ட் செட் வண்டியில ஸ்பார்க்குக்கும் பேட்டரிதான் ஆதாரம். 14 கி.மீ. கிரிவலப் பாதையில, ராத்திரி லைட் மங்கி இன்ஜினும் திணறினா... அஷ்ட லிங்கத்தையும் வேண்டிக்கிட்டே தள்ள வேண்டியதுதான்!

உடனே புது பேட்டரிக்குக் காசைக் கரைக்காதீங்க. முதல்ல பேட்டரி டெர்மினல், ஃப்யூஸ், எர்த் வயரைச் செக் பண்ணுங்க. அப்புறம் மல்டிமீட்டர். 12 வோல்ட் வண்டின்னா, ஆஃப்ல இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 காட்டும், ஸ்டார்ட் பண்ணி முறுக்கினா சுமார் 14 வரணும். வரலையா? ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றி ஏ.சி. வோல்ட்டேஜ் பாருங்க. முறுக்க முறுக்க ஏறினா, ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் பக்கம்தான் கோளாறு. ஏறலைன்னா, ஸ்டேட்டர் அல்லது அதோட வயர்.

பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வண்டியை ஓரங்கட்டிட்டு நடங்க. நிலாவுக்கு சார்ஜிங் பிரச்னையே கிடையாது!