நீண்ட வெண்முகில் நாடு

பசிபிக் மாகடலின் தென்மேற்கே, ஆசுதிரேலியாவுக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் கிழக்கே, இரு பெருந்தீவுகளும் பல சிறு தீவுகளும் ஒரு நாடாய் அமைந்துள்ளன. நியூசிலாந்து என்பது உலகம் அதற்கு வழங்கும் பெயர். அம்மண்ணின் முதற்குடிகளாகிய மாவோரி மக்கள் அதனை 'ஆவொத்தேயாரோவா' என்பர். நீண்ட வெண்முகில் நாடு என்பது அதற்குப் பலரும் கூறும் பொருள். நெடுங்கடலில் ஓடம் செலுத்தி வந்த முன்னோர்க்கு, நிலம் தெரியுமுன் அதன்மேல் படிந்திருந்த முகிலே முதற்கண் தெரிந்தது என்பது அவர்தம் மரபுச் செய்தி.

இந்நாட்டைக் காண்பதற்கு மோட்டார் வண்டியே ஏற்றது. நம் நாட்டிற்போலவே அங்கும் சாலையின் இடப்புறமாகவே வண்டி செலுத்த வேண்டும். ஆதலின் இங்கிருந்து செல்வோர்க்கு அவ்வகையில் இடர்ப்பாடு இல்லை. பெருநகரை விட்டு நீங்கியதும் சாலைகள் குறுகும். மலையைச் சுற்றி வளையும். சிற்றாறுகள்மேல் ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க பாலங்கள் பல உண்டு. எப்பக்கத்தார் காத்திருத்தல் வேண்டும் என்பதைப் பாலத்தருகே நிற்கும் அம்புக்குறிப் பலகை அறிவிக்கும்.

வழியெங்கும் நிற்கும் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு செல்வதே ஒரு கல்வியாகும். 'வை' என்றால் நீர். 'ரொத்தோ' என்றால் ஏரி. 'ருவா' என்றால் இரண்டு. எனவே 'ரொத்தோருவா' என்பது இரண்டாம் ஏரி. மாவோரி மொழியில் உயிரெழுத்துகள் ஐந்து. அவை குறிலாகவும் நெடிலாகவும் ஒலிக்கும். சொற்கள் யாவும் உயிரொலியிலேயே முடியும். 'மத்துவா' எனக் குறுக்கினால் தந்தை. 'மாத்துவா' என நீட்டினால் பெற்றோர். குறில் நெடில் அறிந்த தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் சுற்றுலாச் செல்வோர் பலர் ஊர்ப்பெயர்களைத் தம் விருப்பப்படி சிதைத்தே சொல்லுகின்றனர், இது வருந்தத்தக்கது.

ஆக்லாந்து நகரினின்றும் வடக்கே சென்றால் வைப்போவா என்னும் காட்டை அடையலாம். அங்கே கௌரி என்னும் மரவகையின் அரசாக நிற்பது 'தானே மகுதா'. அதன் உயரம் ஏறத்தாழ 51 மீட்டர். அடிமரத்தின் சுற்றளவு 13 மீட்டருக்கு மேற்பட்டது. காட்டின் கடவுள் பெயரையே மரத்திற்கு இட்டிருக்கின்றனர். இதனைக் காணச் செல்வோர், காட்டின் வாயிலில் தம் மிதியடிகளைத் தேய்த்துக் கழுவி, மருந்துநீர் தெளித்த பின்னரே உள்ளே புகுதல் வேண்டும். கௌரி மரத்தின் வேரை அழுகச் செய்யும் ஒரு நோய், மண்ணோடு ஒட்டிப் பரவுவதே இதற்குக் காரணம்.

கிழக்குக் கரையில் வைத்தாங்கி என்னும் இடம் உள்ளது. 1840 பிப்ரவரி 6ஆம் நாள் ஆங்கில அரசின் சார்பில் வந்த வில்லியம் ஆப்சனும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட புல்வெளி அது. ஆங்கிலத்தில் எழுதிய உடன்படிக்கையை என்றி வில்லியம்சு என்னும் சமயத்தொண்டர் தம் மகன் துணையோடு ஓரிரவிற்குள் மாவோரியில் பெயர்த்தார். ஆங்கிலப் படி, தலைவர்கள் தம் இறைமை முழுவதையும் அரசிக்குக் கொடுத்ததாகக் கூறியது. மாவோரிப் படியோ, 'காவனத்தங்கா', அதாவது ஆளுநர் நடத்தும் ஆட்சி, என்ற அளவிலே நின்றது. நிலத்தின்மீதும் ஊரின்மீதும் அரிய செல்வங்கள்மீதும் தலைவர்களுக்குள்ள முழு உரிமை அவர்களுக்கே என்றும் உறுதி கூறியது. பின்னர் நாட்டின் பல பகுதிகளிலுமாக ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தலைவர்கள் கையொப்பமிட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரிப் படியிலேயே. 1860ஆம் ஆண்டுகளில் போர் மூண்டது. பரந்த நிலங்கள் பறிமுதலாயின. அவ்வுடன்படிக்கை மீறப்பட்டதாகக் கூறும் முறையீடுகளைக் கேட்க 1975இல் ஒரு தீர்ப்பாயம் அமைந்தது. அதன் பணி இன்றும் நடைபெறுகிறது. சொற்பொருள் வேறுபாடு புலவர் மன்றத்தில் மட்டும் எழும் வழக்கு என்று எண்ணுவோர் வைத்தாங்கிக்கு ஒருமுறை சென்று வருதல் நலம்.

தெற்கே திரும்பி ரொத்தோருவாவை அணுகும்போதே காற்றில் கந்தக நாற்றம் வீசும். நிலத்தின் வெடிப்புகளில் ஆவி எழும், சேறு கொதிக்கும், 'பொகுத்து' என்னும் ஊற்று, முப்பது மீட்டர் வரையிலும் வெந்நீரைப் பீறிட்டு எறியும். அங்குள்ள சிற்றூரில் கொதிநீர்க் குட்டையிலேயே உணவை வேகவைக்கும் வழக்கமும் உண்டு.

ஆயினும் ஊற்றைக் காட்டிலும் காணத்தக்கது அவ்வூர் மக்களின் விருந்தோம்பல் முறை. 'மராயே' என்பது அவர்தம் ஊர்ப்பொதுவிடம். விருந்தினர் தாமே உள்ளே நுழைதல் ஆகாது. வாயிலிலே நிற்றல் வேண்டும். அகத்திருந்து ஒரு பெண் உரத்த குரலெடுத்து அழைப்பாள். வந்தோர் பக்கமுள்ள ஒரு பெண் அதற்கு விடையிறுப்பாள். பின்னரே அனைவரும் மெல்ல நடந்து செல்வர். உரைகள் நிகழும்; ஒவ்வோர் உரையின் முடிவிலும் அவ்வுரைக்குத் துணையாகப் பாட்டு எழும். அதன்பின் இருவர் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் தொட்டு, ஒரே மூச்சைப் பகிர்ந்து கொள்வர். முடிவில் உணவு.

அம்மன்றத்து மாளிகை வெறும் கட்டடம் அன்று. முன்னோர் ஒருவரின் உடலாகவே கருதப்படுவது. முகட்டு உத்திரம் முதுகெலும்பு. சாய்வு மரங்கள் விலா எலும்புகள். முகப்பில் இருபுறமும் தாழ்ந்து வரும் பலகைகள் விரித்த கைகள். மிதியடியைப் புறத்தே கழற்றிவிட்டே உட்புகுவர். இதைச் செய்யும்போது தமிழ்நாட்டார்க்குத் தம் வீட்டு வாயிலில் நிற்பது போன்ற உணர்வு தோன்றும்.

அங்கு எழுந்து பேசுவோர் தம் பெயரை முதலில் சொல்லார். தம் மலை இன்னது, தம் ஆறு இன்னது, தம் முன்னோர் வந்த ஓடம் இன்னது என்று கூறி, குடியைச் சுட்டி, இறுதியிலேயே தம்மைக் கூறுவர். தலைவனுக்கு மலையும் ஆறும் நாடும் ஊரும் ஊர்தியும் வகுத்துப் பாடும் தசாங்கம் தமிழிலும் உண்டு. நாம் அதனை அரசனுக்கும் இறைவனுக்கும் உரியதாக்கி ஏட்டில் வைத்தோம். மாவோரி மக்களோ, பள்ளிச் சிறுவனுக்கும் அவ்வுரிமையை ஈந்திருக்கின்றனர்.

இம்மொழியும் அழியும் நிலைக்கு வந்ததுண்டு. 1867இல் இயற்றிய சட்டத்தின்படி மாவோரிச் சிறுவர்க்கான பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடியுண்ட சிறார் பலர். அவர் வளர்ந்து பெற்றோரானபோது, தாம் பட்ட துன்பம் தம் மக்களுக்கு வேண்டாவென்று வீட்டிலும் ஆங்கிலமே பேசலாயினர். 1972இல், பள்ளிகளில் மாவோரியைக் கற்பிக்க வேண்டுமென்று முப்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைத் தலைநகராகிய வெல்லிங்டனுக்குக் கொண்டுவந்தனர். அந்நகருக்கு அண்மையிலுள்ள வைநூயியோமத்தாவில் 1982இல் முதல் 'மொழிக்கூடு' தொடங்கியது. மொழியறிந்த முதியோர், பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளோடு மாவோரி மட்டுமே பேசிப் பழகும் இடம் அது. பாட்டியர்க்கும் பெயரர்க்கும் இடையே ஒரு தலைமுறை ஊமையாய் நின்றது. அதனைத் தாண்டிச் சொற்கள் குழந்தைகளின் நாவை அடைந்தன. 1987இல் மாவோரி, நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

வெல்லிங்டன் நகரிலுள்ள 'தே பாப்பா' அருங்காட்சியகத்தின் பொருள்களுள், உடைந்த வெண்கல மணியொன்று உள்ளது. வாய்ப்பகுதி சிதைந்துபோக, மேற்பகுதி மட்டும் எஞ்சியது. அதனைச் சுற்றிலும் தமிழ் எழுத்துகள் பொறித்துள்ளன. முகைதீன் பக்சு என்பாரின் கப்பல் மணி என்பது அவ்வெழுத்துகள் தரும் செய்தி. ஏறத்தாழ 1836ஆம் ஆண்டில் வில்லியம் கொலன்சோ என்னும் சமயத்தொண்டர் வடபகுதியில் மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டு, ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதனைப் பெற்றார். கவிழ்த்தால் மணி, நிமிர்த்தால் பானை! தமிழர் கப்பலே அங்குச் சென்றது என்று இதைக்கொண்டு துணிந்து கூறுவார் உளர். ஒரு மணியைக்கொண்டு அவ்வளவு கூறுதல் பொருந்தாது. கப்பலின் உடைமையன்றி மணி மட்டும் கைமாறிச் செல்லுதலும் இயல்பே.

வெல்லிங்டனில் வண்டியோடு கப்பலேறினால் மூன்றரை மணி நேரத்தில் தென்தீவின் பிக்டன் துறையை அடையலாம். அத்தீவின் முதுகெலும்பாகப் பனிமலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. ஏரிகளின் நீலமும் பனியின் வெண்மையும் எழுதிக் காட்டத் தக்கன அல்ல. கண்டே அறிதல் வேண்டும். அத்தொடரின் உயர்ந்த சிகரம் 3,724 மீட்டர். நெடுங்காலம் மவுண்ட் குக் என்றே வழங்கிய அதற்கு, நைத்தாகு குடியினரோடு செய்த உடன்பாட்டை ஒட்டி 1998இல், 'அவொராக்கி' என்ற மாவோரிப் பெயர் முன்னும் ஆங்கிலப் பெயர் பின்னுமாகச் சட்டப்படி நிலைபெற்றது. அம்மலை அக்குடியினர்க்கு மூதாதை. மூதாதையின் தலைமேல் கால் வைத்தல் தகாதாகலின், ஏறுவோர் உச்சியின் முடிவான முனையை மிதியாது, சற்றுக் கீழே நின்று திரும்புமாறு அவர்கள் வேண்டிக்கொள்ளுகின்றனர்.