புனித மார்ட்டின் கல்லின் அடியில்

பிரான்சு நாட்டுக்கும் ஸ்பெயின் நாட்டுக்கும் நடுவே மதில்போல் நீண்டு கிடக்கிறது பிரனீஸ் மலைத்தொடர். அதன் மேற்குப் பகுதியில், எல்லைக்கோட்டின் மீதே, 'பியேர் சேன் மார்த்தான்' என்னும் கணவாய் அமைந்துள்ளது. 'புனித மார்ட்டின் கல்' என்பது அப்பெயரின் பொருள். ஆண்டுதோறும் ஜூலை 13ஆம் நாள், பிரெஞ்சுப் பக்கத்துப் பரேத்துப் பள்ளத்தாக்கினர், ஸ்பானியப் பக்கத்து ரொங்கால் பள்ளத்தாக்கினருக்கு மூன்று பசுக்களை அங்கே ஒப்படைக்கின்றனர். மேய்ச்சல் நிலத்தையும் நீரையும் பற்றி எழுந்த பழம்பகை தீர, 1375ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையின் நிறைவேற்றம் இது. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொன்ன சொல் காக்கப்படும் இம்மலையின் வயிற்றுக்குள், நண்பர் சிலர் தீர்த்த வேறொரு கடனும் உண்டு. அதைக் காண நாமும் மனத்தளவில் அங்கே இறங்குவோம்.

இது சுண்ணாம்புக்கல் மலை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே புளிப்புத் தன்மை பெறுகிறது. பாறையின் வெடிப்புகளில் புகுந்து, அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஆகவே மலையின் மேல் ஓடை காண்பது அரிது. ஆறுகளெல்லாம் அடியில் ஓடுகின்றன. 1950ஆம் ஆண்டு, ஜார்ஜ் லெபினோ என்னும் பிரெஞ்சுக்காரர், கடல்மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டருக்கும் உயரமான ஓரிடத்தில், பாறைப் பொந்து ஒன்றிலிருந்து காக இனப் பறவை ஒன்று பறந்து வெளிப்படக் கண்டார். அருகே சென்று கல்லொன்றை உள்ளே எறிந்தார். அது அடிசேர நெடுநேரம் ஆயிற்று. பின்னர் அளந்தபோது ஆழம் ஏறத்தாழ 320 மீட்டர்! பாரிசு நகரத்து ஈபெல் கோபுரத்தையே கிட்டத்தட்ட விழுங்கிவிடக்கூடிய கிணறு அது.

அடுத்த ஆண்டு, பெல்ஜிய இயற்பியல் அறிஞர் மாக்ஸ் கோசின்ஸ் தலைமையில் நண்பர் குழுவொன்று அங்கே கூடியது. மிதிவண்டியைப்போல் காலால் மிதித்துச் சுற்றும் பொறியொன்றில் மெல்லிய எஃகு வடத்தைச் சுற்றி, அதன் நுனியில் ஒருவரைக் கட்டி இறக்கினர். முதலில் அடியைத் தொட்டவர் லெபினோ. அங்கே பெருங்கூடமொன்று இருந்தது. அதற்கு அப்பால் இருளில் ஆறு ஓடும் ஓசை கேட்டது.

1952ஆம் ஆண்டு ஆகஸ்டில், மின்விசைப் பொறியுடன் மீண்டும் வந்தனர். முதலில் இறங்கியவர் மார்செல் லூபன்ஸ், வயது இருபத்தொன்பது. புகழ்பெற்ற குகை ஆய்வாளர் நோர்பெர் கஸ்தரேயின் அன்புச் சீடர். சில நாள் ஆய்வுக்குப் பின், ஆகஸ்டு 13ஆம் நாள் மேலேற வடத்தில் தம்மைப் பிணைத்துக்கொண்டார். பத்து மீட்டர் அளவே உயர்ந்திருப்பார். உடற்கச்சையை வடத்தோடு இணைத்த பிடி விட்டுவிட்டது. பாறைகள் மீது வீழ்ந்தார்.

குழுவின் மருத்துவர் ஆந்திரே மெரே, பழுதுபார்த்த அதே வடத்தை நம்பி இறங்கினார். உயிரை வாங்கிய வடம் அது என்பதை அவர் அறியாதவரல்லர், எனினும் இறங்கினார். ஹாரூன் தாசியெவ் முதலிய தோழர்கள் கீழே காத்திருந்தனர். ஏறத்தாழ ஒன்றரை நாள் நினைவிழந்து கிடந்த லூபன்ஸ், அவர்கள் நடுவே உயிர்நீத்தார். உடலை மேலேற்றுவது அப்பொறியால் இயலாத செயல். கற்களைக் குவித்துக் கல்லறை அமைத்தனர். தம் வாழ்வின் இறுதி நாள்களை அவர் வீரத்துடன் கழித்த இடம் இதுவென்று பாறையில் பொறித்துவிட்டு, கனத்த நெஞ்சுடன் மேலேறினர்.

1953இல் மீண்டும் வந்த குழு ஆற்றின் வழியே நெடுந்தொலைவு சென்றது. லியோன் நகரச் சாரணர்கள், பேராலயங்களையும் அடக்கிவிடும் வெர்னா என்னும் மாபெருங்கூடத்தைக் கண்டுபிடித்தனர். ஆயினும் நண்பரின் உடல் இன்னும் கீழேயே இருந்தது. 1954ஆம் ஆண்டு ஆகஸ்டில் அலுமினியப் பெட்டியொன்றுடன் வந்தார்கள். ஐம்பத்தாறு வயதுக் கஸ்தரேயும் தம் சீடருக்காக இறங்கினார். பெல்ஜியக் குருவானவர் ஜாக் அத்து அக்குழுவில் ஒருவர். கிணற்றுச் சுவரில் பெட்டி பன்முறை சிக்கிக்கொண்டது. வடத்தில் தொங்கியபடி அதனோடு ஏறிவந்த ஹோசே பிதெகேன் ஒவ்வொரு தடவையும் அதை விடுவித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் லூபன்ஸ் சூரிய ஒளிக்கு வந்தார். சொந்த மண்ணில் நல்லடக்கம் பெற்றார்.

இறந்த ஒருவருக்காக உயிருள்ள பலர் தம்மை ஆபத்துக்கு உள்ளாக்கலாமா? இவ்வினா அன்பில்லாதார் வினா அன்று. அவர்களுக்கும் வீட்டில் மனைவி மக்கள் இருந்தனர். விடை கூறுவது எளிதன்று. ஆனால் செங்குத்துக் குகையில் இறங்குபவன் நம்புவது வடத்தை மட்டுமன்று. வடத்தின் மறுமுனையில் நிற்கும் மனிதரை. "என்ன நேர்ந்தாலும் உன்னை விட்டுச் செல்லோம்" என்ற அவர்களுடைய சொல்லாத சொல்லை நம்பியே முதலடி வைக்கிறான். அச்சொல் இறந்தவனிடத்திலும் பொய்க்கலாகாது என்று அந்நண்பர்கள் கருதினர். இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாக எண்ணும் நமக்கு, அவர்கள் உள்ளம் விளங்காமல் போகாது.

1960ஆம் ஆண்டளவில், நிலத்தடி ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் எண்ணத்தோடு வெர்னா கூடம்வரை சுரங்கம் குடையப்பட்டது. 2010 முதல் பொதுமக்கள் அவ்வழியே நடந்தே உள்ளே செல்கின்றனர். குழந்தைகளும் முதியோரும் விளக்கொளியில் அண்ணாந்து நின்று வியக்கின்றனர். எளிதாய் நடந்து செல்வோர் ஒருகணம் நிற்பார்களாக. அந்த இருளை முதன்முதல் கண்டவர்கள், ஒருவர் கையில் மற்றவர் உயிரை ஒப்படைத்தே அங்கு வந்து சேர்ந்தனர்.